சாயத்தை நீக்கினால் வரி கட்டியதாகிவிடுமா?

இளங்கலை வகுப்பில் ஒளி உட்கவரப்படுவது பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். நிறமுள்ள நீர்மத்தின் வழியே ஒளி செல்லும்போது அதில் ஒரு பகுதி உட்கவரப்படுகிறது என்பதற்கு எடுத்துக்காட்டாக, ரேஷன் கடையில் கிடைத்துவந்த நீல மண்ணெண்ணெயைக் குறிப்பிட்டேன். மானிய விலையில் வழங்கப்பட்ட மண்ணெண்ணெய் வெளிச்சந்தைக்குப் போய்விடாமல் அடையாளம் காட்டவே அந்த நீலச் சாயம் சேர்க்கப்பட்டது என்றும் சொன்னேன். கடைசி இருக்கையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: “அப்படியென்றால் சார், சாயத்தை எடுத்துவிட்டால் அது முழு விலை கொடுத்து வாங்கிய எண்ணெய் ஆகிவிடுமா?”

வகுப்பு சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வி சிரித்து ஒதுக்கத்தக்கதன்று. அதே கேள்விக்கு விடை காண முடியாமல் பல நாட்டு அரசுகள் பல ஆண்டுகள் திண்டாடியிருக்கின்றன. மேலை நாடுகளில் வரி விலக்குப் பெற்ற டீசலுக்குச் சாயமிடும் முறை நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. அறிவியலின் சிறிய வெற்றி என்று இதைப் பாராட்டுவோர் உண்டு. அந்தப் பாராட்டு எவ்வளவு தூரம் பொருந்தும், எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஒரே எண்ணெய், இரு விலை

சாலையில் ஓடும் லாரிக்கும், வயலில் உழும் டிராக்டருக்கும், குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலனுக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணெய்தான் பயன்படுகிறது. ஆனால் சாலை வாகனங்களுக்கான டீசலுக்கு அரசுகள் அதிக வரி விதிக்கின்றன. வேளாண்மை, வீட்டு வெப்பம் போன்றவற்றுக்கு வரியைக் குறைக்கின்றன அல்லது அறவே நீக்குகின்றன. இதன் விளைவாக ஒரே நீர்மத்துக்கு இரண்டு விலைகள் உண்டாகின்றன. குறைந்த விலை எண்ணெய் சாலை வாகனத்தின் தொட்டிக்குள் போகாமல் தடுப்பது எப்படி? அதற்காக வந்ததே சாயம்.

பிரிட்டனில் இந்த எண்ணெய்க்குச் சிவப்பு நிறம், அயர்லாந்துக் குடியரசில் பச்சை, அமெரிக்காவில் சிவப்பு. 2011 மார்ச் முதல் 2022 மார்ச் வரை பிரிட்டனில் சாதாரண டீசலுக்கு லிட்டருக்கு 57.95 பென்ஸ் தீர்வை. சிவப்பு டீசலுக்கு 11.14 பென்ஸ். வேறுபாடு 46.81 பென்ஸ். 30,000 லிட்டர் கொண்ட ஒரு டேங்கர் லாரியின் எண்ணெயில் இந்த வேறுபாடு 14,000 பவுனுக்கு மேல் ஆகிறது. இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் நடந்தவற்றுக்கெல்லாம் அடிப்படை இதுவே.

சாயம் சாட்சி சொல்லும் விதம்

எண்ணெயில் கரையும் சாயங்களில் அசோ வகைச் சாயங்கள் முக்கியமானவை. இவற்றின் மூலக்கூறில் இரு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்து, இருபுறமும் பென்சீன் வளையங்களைத் தாங்கி நிற்கின்றன. இத்தகைய அமைப்பில் எலெக்ட்ரான்கள் மூலக்கூறின் நீளம் முழுவதும் பரவியிருப்பதால், கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் ஆற்றலே அவற்றைக் கிளர்த்தப் போதுமானது. சிவப்புச் சாயம் பச்சைப் பகுதி ஒளியை உட்கவர்கிறது. எஞ்சிய ஒளி நமக்குச் சிவப்பாகத் தெரிகிறது.

இதற்குத் தேவைப்படும் சாயத்தின் அளவு மிகச் சிறிது. அமெரிக்க விதிப்படி லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் போதும். இருப்பினும் வெறும் நிறத்தை நம்புவதில் ஓர் இடர்ப்பாடு உள்ளது. கரைசலில் சாயம் எவ்வளவு குறைகிறதோ, அதே விகிதத்தில் உட்கவரும் திறனும் குறையும் என்பது பீர்-லாம்பர்ட் விதி. ஒரு பங்கு சிவப்பு டீசலுடன் இருபது பங்கு சாதாரண டீசலைக் கலந்தால், டீசலுக்கு இயல்பாக உள்ள மஞ்சள் நிறத்தில் சிவப்பு மறைந்துவிடும். கண் ஏமாறும்.

ஆகவே கண்ணுக்குத் தெரியும் சாயத்துடன், சோதித்தால் மட்டுமே வெளிப்படும் அடையாளப் பொருளையும் சேர்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் இதற்கென ‘சால்வென்ட் மஞ்சள் 124’ என்ற பொருளை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவாக்கியது. லிட்டருக்கு 6 முதல் 9 மில்லிகிராம். அதாவது எடையில் ஏறக்குறைய 1,40,000-இல் ஒரு பங்கு. ஐயத்துக்குரிய டீசலைச் சிறிது நீர்த்த அமிலத்துடன் குலுக்கினால், இப்பொருளின் மூலக்கூறில் ஒரு பகுதி உடைந்து, மீதி அமிலத்தால் சிவப்பாக மாறி, கீழே தங்கும் நீர்ப்படலத்தில் கரைந்து வருகிறது. அரை நிமிட வேலை; ஒரு சோதனைக்குழாயும் சிறிது அமிலமும் போதும். சாலையோரத்தில் நின்றே அதிகாரி விடை கண்டுவிடலாம். எளிமையிலும் சிக்கனத்திலும் இதற்கு நிகரான சோதனைகள் சிலவே எனலாம்.

அமெரிக்காவில் கண்ட பயன்

இம்முறையின் நற்பயனை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை. அமெரிக்காவில் 1993 அக்டோபரில், கந்தகம் மிகுந்த டீசலுக்கு நீலச் சாயம் இட வேண்டும் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு விதித்தது. ஆனால் சிறு விமானங்களுக்கான பெட்ரோலும் நீல நிறமே! விமானத் தொட்டியில் தவறான எரிபொருளை ஊற்றினால் நேரும் ஆபத்தைச் சொல்லவேண்டியதில்லை. அடுத்த ஆண்டே நீலம் கைவிடப்பட்டுச் சிவப்பு வந்தது. விதி செய்பவர்கள் தம் துறைக்கு வெளியேயும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

1994 ஜனவரி முதல், வரி இல்லாத டீசல் கிடங்கிலிருந்து வெளியேறும்போதே சாயமிடப்பட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. சாயமிட்ட டீசலைச் சாலையில் பயன்படுத்தி அகப்பட்டால் 1,000 டாலர், அல்லது காலனுக்கு 10 டாலர், இவற்றில் எது அதிகமோ அது தண்டம். மத்திய வரி காலனுக்கு 24.4 சென்ட்; தண்டம் அதைப்போல் நாற்பது மடங்கு. இதன் விளைவை ஜஸ்டின் மேரியன், எரிக் மியூலெக்கர் என்னும் இரு பொருளியலறிஞர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் கணக்கிட்டனர். வரி கட்டிய டீசலின் விற்பனை 26 விழுக்காடு உயர்ந்தது. வரியில்லாத வெப்ப எண்ணெயின் விற்பனை அதற்கு ஈடாகக் குறைந்தது. நாட்டில் லாரிகள் திடீரென்று பெருகிவிடவில்லை, குளிரும் குறைந்துவிடவில்லை. அதுவரை ‘வீட்டு வெப்பத்துக்கு’ என்று வாங்கிய எண்ணெயில் பெரும்பகுதி லாரிகளில் எரிந்துகொண்டிருந்தது என்பதே இதன் பொருள்.

இங்குச் சாயம் வென்றதற்குக் காரணங்கள் உண்டு. வரியைக் கிடங்கின் வாயிலிலேயே வாங்கியதால் இடைத்தரகர்கள் ஒளிந்துகொள்ளும் இடம் சுருங்கியது. தண்டம் கடுமையாக இருந்தது. ஏய்ப்பதால் கிடைக்கும் ஆதாயமோ பெரிதன்று. 24.4 சென்ட் என்பது லிட்டர் கணக்கில் ஆறரைச் சென்ட்டுக்கும் குறைவு. மாநில வரிகளையும் சேர்த்தால் தொகை உயரும். ஆயினும் பிரிட்டனின் 46.81 பென்ஸை அது எட்டுவதில்லை.

அயர்லாந்து எல்லையில் நடந்தது

ஆதாயம் பெரிதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்துத் தீவு சான்று. அங்கு வடபகுதி பிரிட்டனைச் சேர்ந்தது. தென்பகுதி தனிக் குடியரசு. வடக்கில் சிவப்பு, தெற்கில் பச்சை. இரண்டுக்கும் இடையே வயல்களையும் சிற்றூர்களையும் ஊடறுத்துச் செல்லும் எல்லை. ஆர்மா, லௌத் போன்ற எல்லைப்புறப் பகுதிகளில் பண்ணைக் கொட்டகைகளுக்குள் ‘டீசல் சலவை’ ஒரு தொழிலாகவே நடந்தது.

சலவைக்குரிய வேதியியல் எளியது. சாய மூலக்கூறுகள் முனைவுத்தன்மை உடையவை. டீசலின் ஹைட்ரோகார்பன்கள் அத்தன்மை அற்றவை. எனவே கிளர்வூட்டிய களிமண்ணின் வழியே டீசலைச் செலுத்தினால், சாயம் களிமண்ணின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். டீசல் தெளிந்து வெளியே வரும். கல்லூரி வேதியியல் கூடத்தில் நிறமேறிய கரைசலை மரக்கரி இட்டு வெளுக்கச் செய்யும் அதே முறைதான். அமிலத்தைப் பயன்படுத்தியும் சாயத்தைப் பிரித்தெடுத்தார்கள். அமிலத்தில் மாறி நீருக்குள் இறங்கும் இயல்புதான் ‘சால்வென்ட் மஞ்சள் 124’ என்னும் பொருளைக் கண்டுபிடிக்க உதவியது. அதே இயல்புதான் அதை நீக்கவும் உதவியது. பூட்டின் அமைப்பிலேயே சாவியும் இருந்தது என்று சொல்லலாம்.

இதில் இழந்தது அரசின் கருவூலம் மட்டுமன்று. சலவைக்குப்பின் அமிலமும் சாயமும் எண்ணெயும் தோய்ந்த சேறு எஞ்சும். அதைச் சலவைக்காரர்கள் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகளில் அடைத்து, இரவோடு இரவாகச் சாலையோரங்களிலும் வயல் ஓரங்களிலும் தள்ளிவிட்டுச் சென்றார்கள். அப்புறப்படுத்தும் செலவு உள்ளாட்சி மன்றங்களின் தலையில், அதாவது வரி செலுத்திய மக்களின் தலையில் விழுந்தது. அமிலம் முற்றிலும் நீங்காத டீசலை அறியாமல் வாங்கியவர்களின் எஞ்சின்கள் பழுதாயின. வரி ஏய்ப்பில் எந்தப் பங்கும் இல்லாதவர்களின் மண்ணும் நீரும் வண்டியும் கெட்டன.

முடிவில் இரு அரசுகளும் இணைந்து புதிய அடையாளப் பொருளைத் தேர்ந்து, 2015 ஏப்ரல் முதல் பயன்படுத்தின. ஐரோப்பிய ஒன்றியமும் 2024 ஜனவரி முதல் பியூட்டாக்சிபென்சீன் என்ற பொருளுக்கு மாறியுள்ளது. இதற்கு நிறமே இல்லை. டீசலின் கூறுகளைப் போன்றே இதுவும் முனைவுத்தன்மை குறைந்தது. ஆகவே களிமண் இதை எளிதில் பற்றுவதில்லை. கொதிநிலை ஏறத்தாழ 210 டிகிரி செல்சியஸ்; டீசலின் கொதிநிலை வரம்புக்குள்ளேயே இது அடங்குவதால் காய்ச்சி வடித்தும் பிரிக்க முடியாது. இதைக் கண்டுபிடிக்க வாயு நிறச்சாரலியலும் நிறை நிறமாலைமானியும் தேவை. சோதனைக்குழாயும் அமிலமும் இருந்த இடத்தில் விலை மிகுந்த கருவி வந்து அமர்ந்துவிட்டது.

பலன் கிடைத்தது. சலவை செய்த டீசலின் விற்பனை அநேகமாக ஒழிந்துவிட்டதாக அயர்லாந்தின் வருவாய்த் துறை பின்னர் அறிவித்தது. இது மெய்யான வெற்றிதான். ஆனால் விலை வேறுபாடு அப்படியே இருந்தது. ஐரோப்பாவில் வேறொரு வழி திறந்தது: மசகெண்ணெய் தயாரிப்பதற்கான அடிப்படை எண்ணெய் என்ற பெயரில் எல்லை கடக்கும் சரக்கு, டீசலுடன் கலந்து விற்கப்பட்டது. அதில் சாயம் இல்லை, அடையாளப் பொருளும் இல்லை. நீக்க வேண்டியது எதுவுமே அதில் இல்லை!

சாயத்துக்குத் தெரியாத ஒன்று

இதுவரை கண்டது திருட்டு. விதியை மதிப்பவர்களுக்கும் இம்முறை இடர் விளைவிப்பதுண்டு. காரணம், சாயத்தால் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்ல முடியும்: ‘இந்த எண்ணெய்க்கு முழு வரி கட்டப்படவில்லை’. விதிகளோ வேறொன்றைக் கேட்கின்றன: ‘இந்த எண்ணெய் எதற்காக எரிக்கப்படுகிறது?’ எந்த மூலக்கூறும் தான் எதற்காக எரியப்போகிறது என்பதை அறியாது.

பிரிட்டனின் உல்லாசப் படகுகளை எடுத்துக்கொள்வோம். படகைச் செலுத்தவும், அதன் அறையைச் சூடாக்கவும் ஒரே தொட்டி டீசல்தான். செலுத்துவதற்கு முழுத் தீர்வை. சூடாக்குவதற்குக் குறைந்த தீர்வை. சிறு துறைமுகங்களில் இரு வகை டீசலுக்கும் தனித்தனிப் பம்புகள் வைக்க இயலாது என்ற காரணத்தால், சிவப்பு டீசலையே வாங்கிக்கொண்டு, செலுத்துவதற்கு இவ்வளவு என்று படகுக்காரரே அறிவித்து அப்பங்குக்கு முழுத் தீர்வை கட்ட அனுமதித்தார்கள். 60 விழுக்காடு செலுத்த, 40 விழுக்காடு சூடாக்க என்பது வழக்கமான பிரிப்பு. நடைமுறைக்கு ஏற்ற ஏற்பாடுதான். ஆனால் அதன்பின் அந்தச் சிவப்பு நிறத்துக்கு என்ன பொருள்? வரி கட்டிய எண்ணெயும் சிவப்பு. கட்டாத எண்ணெயும் சிவப்பு. இப்படகுகள் பெல்ஜியம் சென்றபோது அங்குள்ள அதிகாரிகள் தொட்டியைச் சோதித்துத் தண்டம் விதித்தனர். தீர்வை கட்டிய ரசீதைக் காட்டியவர்களும் தப்பவில்லை. 2018 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றமும் பிரிட்டனின் இந்த ஏற்பாடு ஒன்றியத்தின் விதிக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது.

டிராக்டரின் கதையும் இத்தகையதே. 2022 ஏப்ரல் முதல் பிரிட்டன் சிவப்பு டீசலுக்கான உரிமையைச் சுருக்கியது. வேளாண்மை, காடு வளர்ப்பு, மீன் வளர்ப்பு, ரயில் போன்றவற்றுக்கு உரிமை நீடித்தது. கட்டுமானம் உள்ளிட்ட பல தொழில்கள் அதை இழந்தன. சிவப்பு டீசல் பிரிட்டனின் மொத்த டீசல் பயன்பாட்டில் சுமார் 15 விழுக்காடு என்றும், மலிவு விலை காற்றைக் கெடுப்பதற்கு ஊக்கம் தருகிறது என்றும் அரசு காரணம் சொன்னது. நோக்கம் நல்லதே. ஆனால் இன்று வைக்கோல் இழுக்கும் டிராக்டர் நாளை கட்டட வேலைக்கு மண் இழுக்கப் போனால், அதன் தொட்டியையும் குழாய்களையும் சாயத்தின் தடயமே இல்லாதவாறு கழுவ வேண்டும். உழவர் எண்ணெயை மாற்றினாலும் சாயம் சுவர்களில் தங்கிச் சாட்சி சொல்லும். நேற்று நேர்மையாக ஊற்றிய எண்ணெய்க்கு இன்று அவர் விளக்கம் சொல்ல நேரிடும்.

நம் நாட்டு நீல மண்ணெண்ணெய்

இனி என் மாணவர் கேட்ட இடத்துக்கே திரும்புவோம். நம் நாட்டில் சாயம் பெற்றது மானிய மண்ணெண்ணெய். அதைச் சமைக்கவும் விளக்கேற்றவும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 1993-ஆம் ஆண்டின் ஆணை கூறியது. 2010-11 அளவில் அதன் விலை டீசல் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. இங்கே வேறுபாடு வரியால் வந்ததன்று, மானியத்தால் வந்தது. ஆனால் விளைவு ஒன்றே. பங்கீட்டு மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 38 விழுக்காடு உரியவர்களைச் சேராமல் திசை மாறியது என்று தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வுக் கழகம் 2005-இல் கணித்தது.

நீலச் சாயம் போதவில்லை என்று கண்டு, 2006 அக்டோபரில் கண்ணுக்குத் தெரியாத அடையாளப் பொருள் ஒன்றும் சேர்க்கப்பட்டது. அதையும் நீக்கிவிட முடியும் என்பது வெளிப்பட்டது. 2008-ஆம் ஆண்டின் முடிவோடு அம்முறை கைவிடப்பட்டது.

இதற்கிடையே, இதன் விலையை மனித உயிர்கள் கொடுத்தன. 2005 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில், கலப்பட எரிபொருளுக்கு எதிராக நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. 2011 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே, எரிபொருள் கலப்படத்தைச் சோதிக்கச் சென்ற கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணே உயிரோடு எரிக்கப்பட்டார். சோதனைக் குழாயை ஏந்தி நிற்பவரின் உயிரைக் காப்பதற்குச் சாயத்தில் எந்த வழியும் இல்லை. பெரும் ஆதாயத்தை ஒரு பக்கம் குவித்துவைத்துவிட்டு, அதைக் காக்க ஒரு துளி சாயத்தையும் ஒரு தனி அதிகாரியையும் நிறுத்தியதே அந்த ஏற்பாட்டின் பெருங்குறை என்று நான் கருதுகிறேன்.

அந்தக் கலப்படத்தின் வேர் பின்னர் வலுவிழந்தது புதிய சாயத்தால் அன்று. 2016 முதல் மண்ணெண்ணெயின் விலை சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டு, 2020 அளவில் மானியம் இல்லாமற்போயிற்று. விலை இடைவெளி சுருங்கச் சுருங்கக் கலப்பதில் ஆதாயமும் சுருங்கியது. இதில் ஏழைக் குடும்பங்கள் இழந்ததும் உண்டு என்பதை மறக்கலாகாது.

எது நல்ல வழி?

அப்படியானால் உழவருக்கும் மீனவருக்கும் ஏழைக்கும் சலுகையே வேண்டாமா? வேண்டும். எண்ணெய்க்குச் சலுகை தருவதா, ஆளுக்குச் சலுகை தருவதா என்பதே கேள்வி. ஜெர்மனியில் உழவர்கள் முழு வரியுடன் டீசல் வாங்கி, ஆண்டு முடிவில் லிட்டருக்கு 21.48 சென்ட் திரும்பப் பெறும் முறை பல்லாண்டுகள் நடந்தது. நம் நாட்டில் 2014-15 முதல் சமையல் எரிவாயு மானியம் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. சிலிண்டர் எல்லோருக்கும் ஒரே விலையில் விற்கப்பட்டது. தமிழ்நாட்டில் மீனவர்களின் படகுகளுக்கு விற்பனை வரி விலக்குடன் டீசல் தருகையில், மாதத்துக்கு இவ்வளவு என்று அளவு வரையறுக்கப்படுகிறது.

இவற்றிலும் குறைகள் உண்டு. முழு விலையை முதலில் கொடுக்கக் கையில் பணம் வேண்டும். சிறு உழவருக்கு அது சுமை. காகிதத்திலும் பொய்க்கணக்கு எழுதலாம். ஆயினும் பொய்க்கணக்கால் ஆற்றங்கரையில் அமிலச் சேறு கொட்டப்படுவதில்லை. எவருடைய எஞ்சினும் பழுதாவதில்லை. இடைவெளி சிறிதாகவும், விதி எளிதாகவும் உள்ள இடத்தில் சாயம் நல்ல காவலன். அமெரிக்க அனுபவம் அதைக் காட்டுகிறது. இடைவெளியைப் பெரிதாக்கி, ‘எதற்காக எரித்தாய்’ என்று நுணுக்கி நுணுக்கிக் கேட்கும் விதிகளையும் எழுதிவிட்டு, எஞ்சியதை வேதியியலர் பார்த்துக்கொள்வார் என்று விடுவதே தவறு.

அன்று வகுப்பில் மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: “சாயத்தை எடுத்தாலும் கடன் அப்படியேதான் இருக்கும், கடனுக்கான சாட்சி மட்டுமே போய்விடும்.” அவர் அமரவில்லை. “அப்படியானால் சார், சாட்சி இல்லாமலேயே தெரிந்துகொள்ள வழி பார்த்திருக்கலாமே?” என்றார். இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை. மணி அடித்த பிறகும் ஐந்தாறு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தோம்.